என் ரத்தமும் அக்காவின் ரத்தமும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு நாலு ஆப்பிளும் ஒரே கேள்வியும் கொண்டுவருகிறார்கள். "என்னாவாம் உனக்கு?" சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பாதியைக் கேட்டதுமே, "ஓ, ரத்த சோகையா? பீட்ரூட் சாப்பிடு" என்று எழுந்து போய்விடுகிறார்கள். பீட்ரூட்டைப் பற்றி இன்னொருவர் பேசினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடிக்கடி கண் மஞ்சளாகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் போதும். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

என் பெயர் சுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்காரர் செல்வம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இடத்தில் இருக்கிறார். ஒரே மகள் கயல், ஆறாவது படிக்கிறாள்.

எனக்குக் கண் மஞ்சளாவது புதிது இல்லை. சின்ன வயதிலிருந்தே ஒரு காய்ச்சல் வந்து போனால் பின்னாலேயே மஞ்சள் வரும். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். மில் தொழிலாளி. சாராயத்தைக் கையால் தொடாத மனுஷன். கண்ணைப் பார்த்துவிட்டுத் தெருவே அவரைக் குடிகாரன் என்றது. நான் கம்பெனியில் படி ஏறினால் மூச்சு வாங்கும். "சோம்பேறி" என்று சூப்பர்வைசர் சொல்வார். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மஞ்சளுக்கு எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம் கீழாநெல்லி. அம்மா போன பிறகு அதைச் செய்து கொடுத்தது வசந்தி அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள், முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் கண் மஞ்சள் என்று கேள்விப்பட்டால் பிள்ளைச்சாவடிப் பக்கம் போய்ச் செடியை வேரோடு பிடுங்கி வருவாள். அலசி, அம்மியில் விழுதாக அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் என் மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, வெறும் பத்தியச் சோறு. நான் தனியாகச் சாப்பிடக் கஷ்டப்படுவேன் என்று அவளும் எனக்கு எதிரே உட்கார்ந்து அதே உப்பில்லாத சோற்றைத் தின்பாள். கொஞ்ச நாளில் மஞ்சள் குறையும். கீழாநெல்லி கேட்டுவிட்டது என்போம். வெளுத்திருப்பதற்குத் தெருமுனை கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். வருஷக் கணக்காக விழுங்கினேன்.

இந்த முறை முதலில் காய்ச்சல் வந்தது கயலுக்கு. இரண்டு கன்னமும் யாரோ அறைந்த மாதிரி சிவந்திருந்தன. அவள் எழுந்து விளையாடப் போய்விட்டாள், நான் படுத்தேன். காய்ச்சல் விட்டும் உடம்பில் தெம்பு வரவில்லை. அக்கா வழக்கம் போல டம்ளரோடு வந்து நின்றாள். குடித்தேன். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று வேலைக்குப் போனேன். மூடி மூட்டையைத் தூக்கக் குனிந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண் விழித்தது ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவில்.

அங்கே இருந்த சின்ன டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற ஹீமோகுளோபின் பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். எனக்கு நாலு. "இதோடயா வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டார். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சோம்பேறி இல்லை என்று முதல்முறையாக ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் எடுத்த ரத்தம், ரத்தம் சேருமா என்று பார்க்க எடுத்த ரத்தம், மறுபடி எடுத்த ரத்தம். இருப்பதே கொஞ்சம், அதையும் உறிஞ்சுகிறார்களே என்று செல்வத்திடம் முனகினேன். அவர் துறைமுகத்துக்குப் போன் போட்டார். ஐஸ் உடைக்கிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மீன் வாடையோடு வரிசையில் நின்றதைப் பார்த்து ரத்த வங்கி நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். "உள்ள இருக்கற ரத்தம் வாடை அடிக்காதும்மா" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பை தொங்கியது. ஃப்ரிட்ஜிலிருந்து வந்த ரத்தம் கை நரம்பில் சில்லென்று ஏறியது. செத்துப்போவோமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது, அதுவரை பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

இரண்டு பை ஏறிய பிறகு ஒரு டாக்டரம்மா வார்டுக்குள் வந்து, மீன் ஏலம் விடுகிற குரலில், "இந்த ரத்தத்துக்காரி யாரு?" என்று கேட்டார். கொண்டையில் பேனா செருகியிருந்தது. டாக்டர் சுகந்தி. மேல் மாடி ஆய்வகத்தில் ரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ச்சி செய்கிறவர். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தைப் பார்த்துவிடுவார். அது பிடித்திருந்தால்தான் கீழே இறங்கி ஆளைத் தேடி வருவாராம். நான் பிடித்துப்போன ஆள்.

"இவ்ளோ நாளா என்னா சாப்ட்டீங்க?"

இரும்பு மாத்திரை என்றேன்.

"ஒங்களுக்கு இரும்பு கொறையவே இல்லம்மா. தேவைக்கு மேல இருக்கு. யார் எழுதிக் குடுத்திருந்தாலும் இன்னியோட நிறுத்துங்க."

மறுநாள் காலையில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மேலே கூட்டிப்போகச் சொன்னார். செல்வம் தள்ளினார். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தேன். முதலில் செல்வத்தின் ரத்தம். நடுவில் வெளிறிப்போய், ஓரம் தடித்த வட்டங்கள். அப்புறம் என்னுடையது. பாதிக்கு மேல் சின்னதாக, கெட்டிச் சிவப்பாக, உருண்டை உருண்டையாக.

"உங்க வீட்டுக்காரரோடது வடை. நடுவுல அமுக்கி விட்ட வடை. உங்களோடது போண்டா" என்றார் டாக்டர். "வடை வளையும், மடங்கும், எந்தச் சந்துல வேணா நுழைஞ்சு போயிடும். போண்டா வளையாது. வயித்துக்குள்ள மண்ணீரல்னு ஒண்ணு இருக்கு. கெட்டுப்போன செல்லை எல்லாம் புடிச்சு ஒடைக்கறது அதோட வேலை. வளையாம வர்றத எல்லாம் அது கெட்டதுன்னு நெனச்சு ஒடைச்சுடும். ஒடைஞ்ச செல்லோட சாயம்தான் உங்க கண்ணுல மஞ்சளா தெரியுது. இது ஈரல் காமாலையே இல்ல."

மற்றவர்களுக்கு ஒரு சிவப்பணு நாலு மாதம் போல உயிரோடு இருக்குமாம். எனக்குச் சில வாரம்தான். உடைய உடைய எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாகப் புதிது செய்து ஈடுகட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கயலின் கன்னத்தைச் சிவக்கவைத்த வைரஸ் அந்த மஜ்ஜையைக் கொஞ்ச நாள் வேலை செய்யவிடாமல் நிறுத்திவிட்டது. மற்றவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நான் விழுந்துவிட்டேன்.

அவர் மேஜையில் வரிசையாக உப்புத் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாய்கள் இருந்தன. உப்பு போகப்போகக் குறையும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம். செல்வத்தின் செல்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, கடைசியில்தான் வெடித்தன. என்னுடையவை முன்னாலேயே வெடித்துத் தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டன. இந்தச் செல்லின் தோலில் எந்தப் புரதம் குறைகிறது, எந்தக் குடும்பத்தில் எது குறைகிறது என்பதுதான் டாக்டரின் பல வருஷ ஆராய்ச்சி.

"இது பரம்பரையா வர்றது. அப்பா, அம்மா, ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா போதும், புள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"அக்கா இருக்கா."

"கூட்டிட்டு வாங்க. கொஞ்சம் ரத்தம் போதும்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "எல்லார்கிட்டயும் கேக்கறேன். அக்கா தங்கச்சிய கூட்டிட்டு வாங்கன்னு சொன்னா மறுநாள்ல இருந்து பேஷன்ட்டே வர்றதில்ல. வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கும். சிவப்பணு கூட கெடைச்சுடுது, சொந்தக்காரங்க கெடைக்கறதில்ல."

என் அக்கா அப்படி இல்லை, எனக்காக உயிரையே கொடுப்பாள் என்று பெருமையாகச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு ஸ்கேனில் மண்ணீரல் வீங்கியிருப்பதும், உடைந்த சாயம் சேர்ந்து பித்தப்பையில் கல்லாகியிருப்பதும் தெரிந்தது. டாக்டர் சுகந்தி என் இடது விலாவுக்குக் கீழே அழுத்திக் காட்டினார். "இங்க இருக்கு பாருங்க. இதை எடுத்துட்டா செல் ஒடையறது நின்னுடும். ரத்தம் ஏறும், கண்ணு வெளுக்கும். இப்பல்லாம் சின்னச் சின்ன ஓட்டைதான். முன்னாடின்னா இப்டி நீளமா கிழிப்பாங்க." விரலால் விலா ஓரமாக ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு மகள் நிவேதா பிறந்த சமயம், பிள்ளை பெற்ற அக்காவுக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டியது நான்தான். இடது விலாவுக்குக் கீழே, இதே இடத்தில், நீளமான தழும்பு. அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆப்பரேஷன் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. முழுப் பரீட்சை லீவில் என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அக்காவைச் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது அக்கா இளைத்துப் படுத்திருந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒருநாளும் கண் மஞ்சளானதே இல்லை.

"டாக்டர், அப்பெண்டிக்ஸ் எந்தப் பக்கம் இருக்கும்?"

"வலது பக்கம், கீழ. ஏன், அங்கயும் வலிக்குதா?"

இல்லை என்றேன். வலித்தது வேறு இடம்.

பார்வையாளர் நேரத்தில் அக்கா வந்தாள். ரசம் சாதமும் கோவைக்காய்ப் பொரியலும் கேரியரில். தட்டில் போட்டுப் பிசைய ஆரம்பித்தாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அக்கா, உனக்கு எடுத்தது அப்பெண்டிக்ஸா, மண்ணீரலா?"

பிசைந்த கை நின்றது. "யார் சொன்னா ஒனக்கு?" என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேனோ என்னவோ. யார் சொன்னா என்று கேட்டுவிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். சென்னை டாக்டர் அப்போதே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இது பரம்பரை, அப்பாவிடமிருந்து வந்தது, வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்றால் அவளையும் கூட்டிவந்து பாருங்கள் என்று. அம்மா கூட்டிப்போகவில்லை. "ரெண்டு பொண்ணுக்கும் ரத்தத்துல கோளாறுன்னு தெரிஞ்சா எவன்டி நம்ம வாசப்படி ஏறுவான்னு அம்மா அழுதாங்க. கற்பூரத்து மேல சத்தியம் வாங்கிட்டாங்க சுமதி. எனக்கு அப்ப பதினேழு வயசு."

"அம்மா போய் எத்தினி வருஷம் ஆச்சு? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. கயல் பொறந்துட்டா. கயலுக்கு முன்னாடி ஒண்ணு கலைஞ்சு போச்சு, நீதானே என்னை மடியில போட்டுக்கிட்டு அழுத? அப்பக்கூடச் சொல்லலியே நீ."

அது இதனால்தானா என்று நான் டாக்டர் சுகந்தியிடம் பிறகு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அது சமாதானமாக இல்லை.

"கீழாநெல்லி அரைச்சியே அக்கா. அது கேக்காதுன்னு தெரிஞ்சேதானே அரைச்ச?"

"கேக்காதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? ஏதோ கொஞ்சம் கேக்கும்னு நெனச்சேன். மனசு தாங்காமத்தான் ஒங்கூட உக்காந்து பத்தியச் சோறு தின்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரத்தம் குடு அது இதுன்னு என்னைக் கூப்புடாத. நிவேதாவுக்கு இப்பத்தான் நிச்சயம் ஆயிருக்கு. மாப்ள வீட்டுக்கு ஒரு சொல்லு போனாலும் போச்சு. அவளை இதுல இழுக்காத. ஒன் கால்ல விழறேன்."

சாப்பாட்டைத் தொடவில்லை நான். அவள் கேரியரை அடுக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு நாளும் இதே யோசனைதான். ஊசி குத்துவதுகூட உறைக்கவில்லை. அக்காவின் மேல் வந்த ஆத்திரம் ஒருபக்கம். இன்னொரு பக்கம் நிவேதா. அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நான். அவளுக்கும் இது இருந்தால், நாளைக்கு அவளும் ஒரு வயிற்றுப்பிள்ளையோடு எங்கேயாவது சுருண்டு விழுவாளே. தெரிந்திருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். காய்ச்சல் வந்ததுமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்கும் அக்காவுக்கும் என்ன வித்தியாசம்? சொன்னால் கல்யாணம் நிற்கலாம், அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டாள். செல்வத்திடம் கேட்டேன். "நமக்கெதுக்கு?" என்றார். அவர் எதற்குமே அதைத்தான் சொல்வார்.

அதற்குள் கயலின் ரத்தம் பார்த்து முடிவு வந்துவிட்டது. அவளுக்கும் இருக்கிறது, லேசாக. அதனால்தான் அந்தக் காய்ச்சலைத் தாங்கிவிட்டாளாம். அன்றைக்கே அவளைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் போண்டாவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஒரு குழந்தைக்குச் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆகிறது. அதை இத்தனை வருஷமாக எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நிவேதாவிடம் சொல்வது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே அக்காவோடு வந்தாள். அக்கா பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போன சமயம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"நிவி, சித்தி ஒண்ணு சொல்றேன். பயப்படக் கூடாது. என் மேல கோவப்பட்டாலும் பரவால்ல. எனக்கு வந்திருக்கறது பரம்பரையா வர்றது. ஒனக்கும்…"

நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அவள் கட்டில் பக்கத்து மேஜையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சின்ன மஞ்சள் மாத்திரை, ஃபோலிக் ஆசிட். புதுச் செல்கள் உண்டாக உடம்புக்கு வேண்டிய சத்து. டாக்டர் சுகந்தி எனக்கும் கயலுக்கும் எழுதிக் கொடுத்தது. கடையில் சல்லிசாகக் கிடைக்கும்.

"இதேதான் நானும் போடறேன் சித்தி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கும் இருக்கே. எட்டாவது படிக்கும்போதே அம்மா சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணிட்டாங்க. வருஷா வருஷம் ஸ்கேன் பாப்போம். கட்டிக்கப் போறவர்கிட்டகூட நான் சொல்லிட்டேன், அவங்க வீட்டுப் பெரியவங்களுக்குத்தான் தெரியாது." என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "சித்தி… ஒங்களுக்கும் அம்மா இந்த மாத்திரை குடுத்திருப்பாங்கன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்."

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அம்மாவின் சத்தியம், பதினேழு வயசு, கற்பூரம் எல்லாம் கேட்டு, எனக்குக் கொஞ்சம் மனசு இளகியிருந்தது. சத்தியம் சொந்த மகள் விஷயத்தில் குறுக்கே வரவில்லையே. மகளைச் சென்னைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். தங்கைக்குச் செடி அரைத்திருக்கிறாள்.

அக்கா ஈரக் கையோடு வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நிவேதா எழுந்து வெளியே போய்விட்டாள்.

"ஏன்க்கா? ஒரு மாத்திரை. எதுக்குன்னுகூடச் சொல்ல வேணாம். சத்து மாத்திரைன்னு குடுத்திருக்கலாமே."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "குடுத்தா எதுக்குன்னு நோண்டி நோண்டிக் கேப்ப. ஒரு டாக்டர்கிட்டக் காட்டுவ. அவரு கூடப் பொறந்தவங்க யாருன்னு கேப்பாரு. நீ மறைக்கத் தெரியாதவ சுமதி. என் பேரு வெளிய வந்துடும், நிவேதா பேரு வந்துடும்."

அவ்வளவுதான். பயத்தில் செய்ததோ மறதியில் செய்ததோ இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கில் நான் கழிந்துபோனேன். இதை இங்கே பச்சையாகவே எழுதுகிறேன்: என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இப்படி ஒரு துரோகம் செய்ததில்லை, அதைச் செய்தவளை விட என்னை அதிகம் பார்த்துக்கொண்டவர்களும் இல்லை.

டாக்டர் சுகந்தியிடம் அக்கா வரமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் ரத்தமும் கயலின் ரத்தமும் அவர் ஆய்வகத்தில் இருக்கின்றன. உடம்பு இன்னும் கொஞ்சம் தேறியதும் மண்ணீரலையும் பித்தப்பையையும் எடுக்க வேண்டும்.

போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்தாள். ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தாள். கயல் ஓடிப்போய்க் கிண்ணத்தை நீட்டினாள். அக்கா ஊற்றினாள். கயல் வாயில் வைக்கப் போகும்போது, நான் கேட்க நினைக்கவில்லை, தானாக வந்துவிட்டது.

"அதுல என்னா போட்ருக்க?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கொஞ்சம் மல்லி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கயல் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, எனக்கு நேராகப் பிடித்து ஒரு வாய் குடித்துக் காட்டினாள். பிறகுதான் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கயல் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி நீட்டினாள் அக்கா. பசிக்கவில்லை என்றேன். நல்ல பசி.